கட்டடத்துக்குக் காசு வரும், கரண்டு பில்லுக்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் தேவாலயத்தை ஒட்டி இளைஞர் மன்றமோ படிப்பகமோ நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு கட்டடத்துக்கு வந்துவிடும். "மேல ஒரு மாடி எடுத்துட்டா போதும் சார், பிள்ளைகளுக்கு எல்லாம் செஞ்சிரலாம்." இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால், இரண்டு கேரம் போர்டு, பழைய குரூப்-4 கைடுகள் அடுக்கிய ஓர் அலமாரி. ஆனால் வரப்போகும் மாடிக்கு எஸ்டிமேட் தயார். கலரில் அச்சடித்த முகப்புப் படமும் தயார். மாடி எழுந்தபின் சாயங்காலம் கதவைத் திறப்பது யார், பாடம் சொல்லித்தருகிறவருக்கு மாதம் என்ன கொடுப்பது, அது எங்கிருந்து வரும் என்று கேட்டால் எஸ்டிமேட்டில் அதற்கு வரி கிடையாது.

நிதி திரட்டுவது என்றாலே கட்டட நிதி என்று ஆகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அது தலைகீழான வழி என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லுமுன், இப்படி ஒரு மையம் இங்கே தேவைதானா என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

விடியற்காலையில் கூடலூர், கம்பம், போடி பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளில் காய் எடுப்பவர்களில் பெரும்பங்கு இந்தப் பக்கத்துப் பெண்கள். அவர்கள் இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விடுவதற்கும் ஜீப் திரும்புவதற்கும் இடையே உள்ள நேரத்தில் பிள்ளைகளுக்கு வீடு இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை. இது ஒரு தேவை. இன்னொன்று பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு என்று படிக்கிறவர்களுடையது. ஓர் அறையும் ஒரு டிவியும் உள்ள வீட்டில் அவர்களுக்குக் கிடைக்காதது மேசையும் சத்தமில்லாத மூன்று மணி நேரமும். நகராட்சிகளில் தமிழக அரசு 'அறிவுசார் மையம்' கட்டித்தருகிறது, நல்ல திட்டம். ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துப் பெண் இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து பஸ் பிடித்து வர வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே ஊருக்குள், நடந்துபோகிற தூரத்தில் ஓர் இடம் வேண்டும். இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் அப்படி ஓர் இடமும் சுற்றுச்சுவரும் ஏற்கெனவே இருப்பது தேவாலய வளாகத்தில்தான்.

கிறிஸ்தவம் இங்கே நேற்று வந்ததல்ல. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்கள் பள்ளத்தாக்கின் நடுவிலேயே இருக்கின்றன. இராயப்பன்பட்டியின் பனிமய மாதா ஆலயமும் புனித அலோசியஸ் பள்ளியும் சுற்றுவட்டாரம் அறிந்தவை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது அந்தக் குறியீட்டையொட்டிச் சொல்லப்படும் வரலாறு. சீர்திருத்தச் சபைகளின் வழி வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், பெரியகுளத்தை ஒரு நிலையமாக வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கியது. அதன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையான சிஎஸ்ஐக்குள் வந்தன. பெந்தெகோஸ்தே சபைகள் பிறகு வந்தவை. எல்லாரையும் கூட்டினாலும் தேனி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. கொடுக்கிறவர்களாகக் கிறிஸ்தவர்களை மட்டும் நம்பினால் மையம் நிற்காது. வருகிற பிள்ளைகளில் கிறிஸ்தவர்களை மட்டும் சேர்த்தால் பெஞ்சு நிறையாது.

தூரத்துப் பணம்

மாடி கட்டத் தூரத்துப் பணத்தைத் தேடும் பழக்கத்துக்கு நூற்றாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1844இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடை ஊழியர் தன் நண்பர்களோடு தொடங்கிய ஒய்எம்சிஏதான் கிறிஸ்தவ இளைஞர் மன்றங்களுக்கெல்லாம் மூத்தது. வேலைக்காக நகரத்துக்கு வந்த பையன்கள் சாயங்காலத்தைக் கழிக்க ஓர் இடம் என்பதே அதன் தொடக்கம்; நம் ஜீப் நேரத்துப் பிரச்சினைக்கு அது ரொம்பத் தூரமில்லை. 1890இல் டேவிட் மெக்கானகி சென்னையில் அதை நிறுவினார். எஸ்பிளனேடில் இன்றும் நிற்கும் அதன் சிவப்புக் கட்டடத்துக்குப் பெரும் நிதி கொடுத்தவர் பிலடெல்பியாவில் பல்பொருள் அங்காடி நடத்திய ஜான் வானமேக்கர். ஒரு வியாபாரி மனம் வைத்ததால் எழுந்த கட்டடம் அது. அழகானது, உறுதியானது. சென்னையின் நடுவில் இருந்ததால் உறுப்பினர் சந்தாவும் வாடகையும் அதைத் தூக்கி நிறுத்தின. அதே மாதிரியை ஒரு பேரூராட்சிக்குக் கொண்டுவந்தால் வாடகைக்கு வர ஆளில்லை.

நிதி திரட்டுவதை ஒரு தொழில்நுட்பமாக்கியதும் ஒய்எம்சிஏதான். 1905இல் வாஷிங்டனில் சார்லஸ் வார்டும் லைமன் பியர்ஸும் சேர்ந்து, ஒரு தொகையையும் ஒரு கெடுவையும் ஊருக்கு அறிவித்து, சில வாரங்களுக்குள் பணத்தைத் திரட்டிக் காட்டினார்கள். வசூல் ஏற ஏற முள் நகரும் பெரிய கடிகாரம், தினமும் செய்தித்தாளில் கணக்கு, குழு குழுவாகப் பிரிந்து போட்டி போட்டுக்கொண்டு வசூல். இன்று ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் வைக்கும் 'இலக்கு, இதுவரை வந்தது' போர்டின் மூதாதை அது. இந்த முறை கட்டடத்துக்குப் பிறந்தது, கட்டடத்துக்கே பொருந்தும். கெடு முடிந்ததும் எல்லாரும் களைத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு மறுகுரல் நம் பக்கத்திலிருந்தே எழுந்தது. ஒய்எம்சிஏ செயலராகத் தென்னிந்தியா முழுதும் சுற்றிய வேதநாயகம் சாமுவேல் அசரியாவும், சேலத்துக்காரரான கே.டி.பாலும் மற்றவர்களும் சேர்ந்து 1905 டிசம்பரில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வைத்த நிபந்தனை, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது. 1916இல் ஒய்எம்சிஏயின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலர் ஆன பால், கிராமத்து உழவனின் கடனைத் தீர்க்காமல் அவன் பிள்ளைக்கு மன்றம் கட்டி என்ன பயன் என்ற கோணத்தில் யோசித்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இறங்கினார். அந்த வழியில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராமப்புற மையம் முட்டையைக் கூட்டாக விற்கவும் தேனீ வளர்க்கவும் ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. முதலில் கொடுப்பவரின் கையில் காசு புழங்க வேண்டும். மையம் அதற்குப் பிறகு. மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் பேர்பெற்றது.

தூரத்துப் பணத்தின் ஆபத்து சமீபத்தில் இன்னும் வெளிச்சமாகவே தெரிந்தது. சபைகளோடு இணைந்து சாயங்கால டியூஷன், சத்துணவு, மருத்துவப் பரிசோதனை என்று குழந்தைகள் மையங்கள் நடத்த உதவிய அமெரிக்க அமைப்பான கம்பேஷன் இன்டர்நேஷனல், 2016இல் உள்துறை அமைச்சகம் முன் அனுமதிப் பட்டியலில் சேர்த்தபின் பணம் அனுப்ப வழியின்றி, 2017 மார்ச்சில் இந்தியப் பணியை முடித்துக்கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் உதவி நின்றது. 2024 தொடக்கத்தில் வேர்ல்டு விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நிதிப் பதிவும் ரத்தானது. அரசு செய்தது சரியா என்பது தனி விவாதம். அதில் எனக்கும் கருத்து உண்டு. இங்கே சொல்ல வந்தது வேறு: ஒரு கிராமத்துப் பிள்ளையின் சாயங்காலம் தில்லியில் ஒரு மேசையில் போடும் கையெழுத்தை நம்பி இருக்கலாகாது.

சட்டமும் இப்போது சின்ன மன்றங்களுக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. முன்பு மறைமாவட்டமோ பேராயமோ வாங்கிக் கீழே பங்குகளிலும் சேகரங்களிலும் இயங்கும் சங்கங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும். அந்த வாய்க்கால் வற்றிப்போயிற்று. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் வந்து இறங்கும் கணக்கு புது தில்லி எஸ்பிஐயின் பிரதானக் கிளையில் இருக்க வேண்டும். மன்றமே பதிவு கேட்கலாமென்றால், மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். அவ்வளவு செலவிட வசதியுள்ள மன்றம் எதற்கு வெளிநாட்டைத் தேடப்போகிறது?

ஆனால் ஒரு விஷயத்தில் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஊர்ப்பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை அல்ல. குடியுரிமை மாற்றிக்கொண்டு ஓசிஐ அட்டை மட்டும் வைத்திருப்பவர் அனுப்பினால்தான் அது வெளிநாட்டுப் பணம். வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களில் அநேகம் பேர் முதல் வகை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்த பணத்தைத் திருப்பி அனுப்புகிற பொருளாளரும், தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் வாங்கிப்போடுகிற பொருளாளரும் ஒரேயளவு ஆபத்தானவர்கள்.

பக்கத்துப் பணம்

சுற்றுவட்டாரம் பணம் திரட்டத் தெரியாத ஊரல்ல. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, காமராஜர் படித்த பள்ளி, பிடி அரிசியில் நடந்த கதை எல்லாரும் அறிந்தது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, வாரம் ஒருமுறை வந்து வாங்கிக்கொள்வார்கள். கூடவே கடைவீதியில் மூட்டைக்கு இத்தனை காசு என்று மகமை. தென்மாவட்டத் திருச்சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இருந்தது. மிசோரமில் 1910 முதல் 'புஃபாய் தாம்' என்ற பேரில் பெண்கள் நடத்திவரும் இதே வழக்கம் இன்றும் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்று. அரிசியோ காசோ, இதில் கவனிக்க வேண்டியது அது தினமும் சேர்கிறது என்பது. பள்ளிக்கூடமும் தினமும் நடக்கிறது. செலவின் தாளமும் வரவின் தாளமும் ஒத்துப்போயின. அந்த அரிசியை எடுத்துவைத்தவர்கள் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்வெட்டில் இருக்கும் பேர்கள் வேறு.

பெருங்கொடைக்கும் இங்கே முன்னுதாரணம் உண்டு. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் 1956இல் ஹௌதியா கல்லூரியை நிறுவியபோது, பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு மதுரைக்குப் போக வேண்டிய நிலை மாறியது. இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் கட்டினார். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். சமயப் பற்றுள்ள ஒருவர் கட்டும் கல்விக்கூடத்தின் கதவு எப்படித் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு வெளியூர் எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

இனி, சபைகளிலேயே இருக்கிற வழிகள். சிஎஸ்ஐ சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். வீட்டு முருங்கைக்காய், முதல் காய்ப்புத் தேங்காய், கோழி, வாழைத்தார், ஒரு தட்டு அதிரசம் எல்லாம் பீடத்துக்கு முன் வரும். பிறகு வெளியே பந்தலில் ஏலம். சந்தையில் ஐம்பது ரூபாய்க்குப் போகாத பூசணிக்காய் ஆயிரத்தைத் தாண்டும். வாங்கியவர் அதையே திருப்பிக்கொடுக்க, மறுபடி ஏலம். இரண்டு சம்பந்தி வீடுகள் போட்டியில் இறங்கிவிட்டால் பொருளாளர் முகத்தில் புன்னகை அடங்காது. மனிதனின் பெருமையை நல்ல காரியத்துக்குத் திருப்பிவிடும் கலை இது. கொடுப்பவனுக்குச் சந்தோஷமும் உண்டு. அடுத்த ஞாயிறு வாசிக்கப்படும் ஏலப் பாக்கிப் பட்டியல் இதன் மறுபக்கம். வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்தப் பணத்தில் படிப்பகத்துக்கென்று ஒரு பங்கை எழுத்தில் ஒதுக்கிய சபைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதிலும் மைக் செட் மாற்றுவதிலும் அது கரைந்துவிடுகிறது.

கத்தோலிக்க ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடி வைத்தால் யாரும் மீற முடியாது. சப்பரம் அதில்தான் நகர்கிறது. இதையே படிப்பகத்துக்கும் வைத்தால் என்ன என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். வரி கட்டாத வீட்டுக்குத் திருவிழாவில் மரியாதை குறையும். அது பெரியவர்கள் சமாச்சாரம். படிப்பகத்துக்கு வரி வைத்தால் பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை வெட்கப்பட்டு வராமல் நின்றுவிடும். இந்த மையம் முக்கியமாக யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அந்தப் பிள்ளைதான் முதலில் நிற்கும்.

செய்முறையும் மொய்யும் இந்த மாவட்டத்தின் உயிர்நாடி. ஆனால் அது திரும்பி வரும் என்று எழுதிவைத்துச் செய்வது. படிப்பகத்தால் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் திருப்பிச் செய்ய முடியாது. ஏலச்சீட்டு நடத்தி அதன் கமிஷனில் மன்றம் ஓட்டலாம் என்பதும் அவ்வப்போது கிளம்பும் யோசனை. பதிவில்லாத சீட்டு சட்டவிரோதம். ஒருவர் சீட்டை எடுத்துவிட்டு ஓடினால் சபையே இரண்டாகும். குலுக்கல் டிக்கெட்டும் அப்படியே. இத்தாலியின் டூரினில் தொன் போஸ்கோ என்ற பாதிரியார் ஏழைப் பையன்களுக்கான தன் மையத்தின் ஆலயத்துக்கு 1851-52இல் லாட்டரி நடத்திப் பணம் சேர்த்தார். அவரது சபைக் குருக்கள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து, தமிழ்நாடெங்கும் இளைஞர் மையங்கள் நடத்தியவர்கள். ஆனால் தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. குமுளியில் ஏறி இறங்கினால் தெருவுக்குத் தெரு கேரள லாட்டரிக் கடை என்பதால் நம் இளைஞர்களுக்கு இது மறந்துவிடுகிறது.

திருவிழாப் பந்தலிலும் மன்றத்து ஹாலிலும் ட்யூப் லைட்டின் மேல் உபயதாரர் பேர் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது எரியும் கரண்டுக்கு உபயதாரர் கிடையாது. நம் கொடையின் சிக்கல் முழுவதும் அந்த லைட்டில் இருக்கிறது.

யாருக்குக் கதவு திறக்கிறதோ, அவர்தான் பணமும் தருவார்

படிப்பகம் யாருக்கானது என்ற கேள்வியை நல்லெண்ணம் சம்பந்தப்பட்டதாக மட்டும் பார்க்கிறோம். வருமான வரிச் சட்டம் அதை வேறுவிதமாகப் பார்க்கிறது. நம்மவர்கள் 80ஜி என்று சொல்லிப் பழகிய சலுகை, ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் பயன்படுவதற்கென்று எழுதப்பட்ட அமைப்புக்குக் கிடையாது. 'கிறிஸ்தவ இளைஞர்களின் முன்னேற்றத்துக்காக' என்று சங்க விதியில் ஒரு வரி எழுதிவிட்டால், ஊரிலுள்ள டாக்டரும் ஆடிட்டரும் ஏலக்காய் வியாபாரியும் கொடுக்கும் பணத்துக்கு ரசீது தரும் தகுதியை நாமே கைவிட்டதாகிறது. அந்த ரசீதுக்கும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சலுகை இல்லை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் அப்படியே: கல்வி அதன் பட்டியலில் உண்டு, ஆனால் மத அடையாளம் முன்னால் நிற்கும் விண்ணப்பத்தைப் பார்த்ததும் அதிகாரி அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார். நாடாளுமன்ற உறுப்பினர் நிதி, மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்க விதியில்லை.

கட்டட அனுமதியிலும் இதே முடிச்சு. ஊராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுக்கான கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது கட்டட விதிகளில் உள்ளது. படிப்பகம் என்று அனுமதி வாங்கிவிட்டு வெள்ளி இரவு ஜெபக்கூட்டமும் ஞாயிறு ஆராதனையும் அதிலேயே நடந்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு எழுதினால் போதும், படிப்பும் சேர்ந்து நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கோயில் இருக்கிறது, அங்கே ஜெபிக்கலாம், இங்கே படிக்கலாம். கிறிஸ்தவ மையம் என்ற பேருக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

இதோடு ஒரு மாற்று வழியும் யோசிக்கத்தக்கது. வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் சொன்னால் வரவேற்பு இருக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்மக்கள் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் மீதியை அரசு போடும், சொத்து பொதுச்சொத்து. சபை தன் கட்டட நிதியை வளாகத்துக்குள் போடாமல், ஊர்ப்பொது இடத்தில் வரும் நூலகத்துக்கோ படிப்பகத்துக்கோ அந்த மூன்றில் ஒரு பங்காகக் கொடுத்தால் அதே பணத்தில் மும்மடங்கு கட்டடம் எழும். கல்வெட்டில் ஆயர் பேர் இருக்காது. பிள்ளைகளுக்கு மேசை இருக்கும். சபை தன் பங்காக ஆசிரியரையும் சாயங்காலக் காவலையும் தரலாம்.

கதவு என்றதும் சாதியையும் பேசாமல் போக முடியாது. கல்லறைக்கும் தேருக்கும் தெரு பார்த்த சபைகள் தமிழகத்தில் உண்டு. படிப்பகம் எந்தத் தெருவில் என்பதிலேயே பாதிப் பேர் வெளியே நின்றுவிடுவார்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. வேலைவாய்ப்பில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் போட்டியிட வேண்டும். அதிக மதிப்பெண் தேவைப்படுகிறவர்கள் அவர்களே. அவர்கள் தெருவுக்குப் பக்கத்தில் இல்லாத மையத்துக்கு எத்தனை மாடி எடுத்தாலும் வீண்.

கணக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,500 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் கட்டடத்துக்கு 30 லட்சம். இதைத் திரட்ட இரண்டு மூன்று வருஷம் ஆகும், ஆனால் முடியும். வெளியூரில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஓர் எஸ்டேட் முதலாளி, பொன்விழா மலர் விளம்பரம் என்று சேர்ந்துவிடும். நடத்துவதற்கு இரண்டு ஆசிரியர்களுக்கு மதிப்பூதியம், பூட்டித் திறக்க ஓர் ஆள், மின்சாரம், செய்தித்தாள், புதுப் பாடத்திட்டக் கைடுகள் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 வேண்டும் என்று வையுங்கள். அதை வங்கி வைப்பு வட்டியிலிருந்து எடுக்கலாமென்றால், 7 சதவீத வட்டியில் 51 லட்சத்துக்கு மேல் போட்டுவைக்க வேண்டும். கட்டடத்தை விடப் பெரிய தொகை அது. அதற்கு ஒருவரும் முகப்புப் படம் வரைந்து போர்டு வைப்பதில்லை.

அதே 30,000, முந்நூறு வீடு மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் வந்துவிடும். ஆனால் எல்லா வீட்டுக்கும் மாதாமாதம் காசு வருவதில்லை என்பதுதான் பள்ளத்தாக்கின் இயல்பு. பெரியாறு அணைத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். ஜூனில் தண்ணீர் திறந்தால் காசு அறுப்பின்போதுதான். திராட்சைப் பந்தல்காரருக்கு அறுவடையைப் பொறுத்து. தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஏலக்காய் எடுப்புக் காலமான ஆகஸ்டிலிருந்து தை, மாசிவரை வாரக்கூலி நன்றாக ஓடும், கோடையில் ஜீப்பே குறையும். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும் அரசு ஊழியர்களும்தான். ஆகவே எல்லாருக்கும் ஒரே மாதிரி மாதச் சந்தா அட்டை அச்சடித்துக் கொடுத்தால் நான்காவது மாதத்தில் பாதி அட்டை காலியாக இருக்கும். பிறகு அவர்கள் கண்ணில் படாமல் போவார்கள். நெல்காரரிடம் போகத்துக்கு ஒரு மூட்டை, பந்தல்காரரிடம் அறுவடைக்கு இரண்டு பெட்டி, தோட்டத்துக்குப் போகிறவர்களிடம் சீசனில் வாரம் இருபது, சம்பளக்காரரிடம் மாதம் என்று நான்கு நோட்டுப் போட்டுக் கேட்பது பழைய மகமைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை.

பெரிய கையை நம்புவதிலும் விலை ஏற்ற இறக்கம் குறுக்கே நிற்கிறது. 2019 ஆகஸ்டில் ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாக்குக் கொடுத்தவர் கெட்டவரல்ல. வீழ்ச்சியில் கடனுக்கு அலைந்துகொண்டிருப்பார். அப்படிப்பட்டவரிடம் ஒரே தடவையாக வாங்கி, மேசை, புத்தகம், சோலார் தகடு என்று பில்லைக் குறைக்கிற பொருளாக மாற்றிக்கொள்வதே புத்தி.

நிலத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சிஎஸ்ஐ சொத்துகள் சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பேரில் இருக்கும். கத்தோலிக்கப் பங்கின் நிலம் மறைமாவட்டத்தோடு சேர்ந்தது. இளைஞர் மன்றம் ஊரெல்லாம் அலைந்து எழுப்புகிற மாடி, சட்டப்படி அவர்களுடையது ஆகாது. புதிதாக வரும் பங்குத்தந்தையோ சேகரகுருவோ அதைக் கல்யாண மண்டபமாக்க நினைத்தால் தடுக்க வழியில்லை. மண்டபத்துக்கு வாடகை வருமே என்ற வாதம் பங்குப் பேரவையில் எப்போதும் வெல்லும். இத்தனை ஆண்டுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை படிப்புக்கு மட்டும் என்று, மேலிடத்துக் கையெழுத்தோடு ஒரு பயன்பாட்டு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு பிறகு அஸ்திவாரம் தோண்டலாம். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் வெளிச்சமுள்ள வாசலும் முதல் மாடிக்கு முன்னால் வர வேண்டியவை என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

கிறிஸ்தவ வீடுகளில் முதல் சம்பளத்தைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. படிப்பகத்தில் உட்கார்ந்து காவலர் தேர்விலும் குரூப்-4இலும் தேறிப் போனவர்கள் இன்று கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பணியில் இருப்பார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் கொடுத்தது காணிக்கைப் பெட்டிக்குள் போயிருக்கும்; மற்றவர்களிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். யார் எந்த வருஷம் படித்தார், எங்கே இருக்கிறார் என்று ஒரு நோட்டு வேண்டும். மையத்தின் பேரில் தனி வங்கிக் கணக்கு, அச்சிட்ட ரசீது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாசல் பலகையில் வரவு செலவு ஒட்டுவது, இவ்வளவும் செய்துவிட்டுத்தான் அவர்களிடம் போக முடியும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு யாரும் முதல் சம்பளத்தை அனுப்ப மாட்டார்கள்.